வீரமும் பெண்மையும்: வெண்திரையின் வீராங்கனையும் திருமறையின் ‘குணசாலி’யும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், சேந்தமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சபையார் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். மகள் காவலர் தேர்வில் வெற்றி பெற்றிருந்தார். தந்தையின் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை. “ஐயா, இவளுக்கு நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும். டி.வி.யில் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ படத்தைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனாள். பெண் கேட்டு வருகிறவர்கள், காக்கிச் சட்டை போட்டவள் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள்” என்றார்.

நாம் வழக்கம்போல் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். குணசாலியான ஸ்திரீ அடக்கமும் அமைதியும் உடையவள், இல்லத்தைக் கட்டுகிறவள் என்று பல திருமணங்களில் ஆற்றிய அருளுரையையே சுருக்கிச் சொன்னோம். அப்பெண் பணிவுடன் கேட்டிருந்துவிட்டு, “ஐயா, அப்படியானால் யாகேல் குணசாலியா, இல்லையா?” என்று வினவினார். ஞாயிறு பள்ளியில் நாமே கற்பித்த கதை அது. எனினும் நம்மிடம் விடை இல்லை. “பெற்றோர் சொற்படி நட, அம்மா” என்று கூறி, ஜெபித்து அனுப்பிவிட்டோம்.

அவர் நம் அறிவுரையை ஏற்கவில்லை, பணியில் சேர்ந்துவிட்டார். அதற்காக இன்று கடவுளுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆயினும் அவர் கேட்ட வினா நம்மை விடவில்லை. வாளேந்தியும், துப்பாக்கி ஏந்தியும், காக்கியுடை அணிந்தும் வெண்திரையில் தோன்றும் வீராங்கனை பெண்மையைப் பற்றி நம் மக்களுக்கு என்ன கற்பிக்கிறாள்? திருமறை கற்பிப்பது அதனின்று வேறானதா? திருச்சபையின் பிரசங்க பீடம் இவ்விரண்டில் எதனைப் பிரதிபலிக்கிறது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொல்லிப்பாவை முதல் வெண்திரை வரை

வீராங்கனை என்னும் உருவம் திரைப்படத்துடன் பிறந்ததன்று. சேந்தமங்கலத்தில் நின்று நோக்கினால் கண்ணில் நிறைந்து நிற்கும் கொல்லிமலைக்கே அத்தகைய பழங்கதை ஒன்று உண்டு. இம்மலையில் தெய்வத்தால் சமைக்கப்பட்ட பாவை ஒன்று இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பலர் குறிப்பிடுகின்றனர். தன் நகையால் கவர்ந்து, அருகில் வருவோரை அது கொன்றுவிடும் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அழகே அங்குக் கொலைக்கருவியாகிறது. பெண்ணின் ஆற்றலை எண்ணும்போது வியப்பும் அச்சமும் ஒருங்கே கொள்ளும் ஆணின் உள்ளத்தை அப்பாவையில் நாம் காண்கிறோம்.

திரைப்படம் தோன்றியபோது இவ்வியப்பும் அச்சமும் அதற்குள் புகுந்தன. 1935இல் பம்பாயின் வாடியா மூவிடோன் நிறுவனம், ஹோமி வாடியாவின் இயக்கத்தில் ‘ஹண்டர்வாலி’ என்னும் படத்தை வெளியிட்டது. சாட்டையேந்திக் குதிரையேறித் தீயோரைத் தண்டிக்கும் இளவரசியாக அதில் நடித்த நாடியா, ஆஸ்திரேலியாவில் 1908இல் பிறந்த மேரி ஆன் இவான்ஸ் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி. இரண்டே ஆண்டுகளில் தமிழிலும் அத்தகைய படம் வந்தது. கே. அமர்நாத் இயக்கத்தில் 1937இல் வெளியான ‘மின்னல்கொடி’யில் கே. டி. ருக்மணி ஆணுடை பூண்டு, கொள்ளைத் தலைவன் ஒருவனின் பெயரையே தன் பெயராக ஏற்று, செல்வரிடம் பறித்து ஏழைக்கு வழங்கும் பெண்ணாக நடித்தார்.

நம் பகுதிக்கு அண்மையிலுள்ள சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘மந்திரி குமாரி’யை வெளியிட்டது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படம், ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் கதையைத் தழுவியது. தன் கணவன் கொள்ளைக்காரன் என்று அறிகிறாள் அமுதவல்லி. மலையுச்சியில் அவன் தன்னைக் கொல்ல முற்படுகையில், கணவனை வலம் வந்து வணங்க வேண்டும் என்று இசைவு பெற்று, வலம் வரும்போதே அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள். அவளிடம் வாள் இல்லை. மனைவியின் பணிவு என்று அவன் நம்பிய அச்சடங்கே அவளுடைய ஆயுதமாயிற்று.

1980களில் மூன்றாவது வகை ஒன்று எழுந்தது. 1985இல் டி. கிருஷ்ணா இயக்கிய ‘பிரதிகடன’ என்னும் தெலுங்குப் படத்தில், மானபங்கப்படுத்தப்பட்ட ஆசிரியை ஒருத்தி இறுதியில் மக்கள் நடுவே கொடியவனைக் கோடரியால் வெட்டி வீழ்த்துகிறாள். அதில் நடித்த விஜயசாந்தியே 1990இல் ‘கர்த்தவ்யம்’ படத்தில் காவல்துறை அதிகாரியானார். 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதற்பெண் கிரண் பேடியை நினைவூட்டும் கதைத்தலைவி அவள். இப்படத்திற்காக விஜயசாந்தி சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் பெற்றார். தமிழில் மொழிமாற்றம் பெற்று ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்று வந்த படம் இதுவே. இன்றைய நாளில் இவ்வகைப் படங்கள் பெருகியுள்ளன. 2018இல் ‘நாச்சியார்’ படத்தில் ஜோதிகா காவல் அதிகாரியாக நடித்தார். 2025இல் வெளியான ‘லோகா’ என்னும் மலையாளப் படம், கேரள நாட்டார் கதைகளில் அச்சுறுத்தும் பேயாகச் சொல்லப்பட்ட கள்ளியங்காட்டு நீலியை எளியோரைக் காப்பவளாக மாற்றிக் காட்டியது.

2. கடன் வாங்கிய வீரம்

இப்படங்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வெண்திரை பெண்ணுக்கு வீரத்தை வழங்குகிறது. ஆனால் பெரும்பாலும் கடனாகவே வழங்குகிறது. மின்னல்கொடி ஆணின் பெயரையும் உடையையும் கடன் வாங்குகிறாள். பிரதிகடனத்தின் ஆசிரியைக்குக் கோடரியைத் தூக்கும் உரிமையை அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை தருகிறது. மானபங்கம் நேராத பெண் கோடரி எடுத்தால் இரசிகர் கைதட்டுவாரா என்பது ஐயமே. வைஜெயந்திக்கு அரசின் சீருடை அவ்வுரிமையைத் தருகிறது. பெண் என்பதனாலேயே, மனிதப் பிறவி என்பதனாலேயே துணிவுடையவள் என்று சொல்வதற்குத் திரைக்கதை தயங்குகிறது. ஏதேனும் ஒரு சான்றிதழை அவளிடம் கேட்கிறது.

கடனாகப் பெற்றதைத் திருப்பித் தரவும் வேண்டும். 2015இல் வந்த ‘பாகுபலி’யில் அவந்திகா என்னும் போர்மங்கை வருகிறாள். சிறைப்பட்ட அரசியை மீட்பதையே தன் கடமையாக ஏற்றவள். கதைத்தலைவன் அவளோடு போராடி, அவளுடைய போருடையைக் களைந்து, கூந்தலை அவிழ்த்து, பழச்சாற்றால் உதட்டைச் சிவப்பாக்கி, நீரில் அவள் முகத்தை அவளுக்கே காட்டுகிறான். அதன்பின் அவள் நாணுகிறாள். அவளுடைய பணியை அவன் ஏற்றுக்கொண்டு புறப்படுகிறான். அவளுக்கு அவளையே மீட்டுத் தந்ததாகத் திரை அதனைக் காட்டுகிறது. அவளுடைய கடமை பறிக்கப்பட்டதாகப் பெண்கள் பலர் அதனைக் கண்டனர். வீரமும் பெண்மையும் ஓருடலில் தங்க இயலாதவை, ஒன்று வந்தால் மற்றொன்று விலக வேண்டும் என்பதே அக்காட்சியின் இறையியல்.

திரைக்குப் பின்னாலும் இதே நிலை நெடுங்காலம் இருந்தது. கதைத்தலைவி மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில், பொய்முடி தரித்துப் பெண்ணுடை உடுத்த ஆண் சண்டைக்கலைஞரே பல படங்களில் குதித்தார். 1975இல் வந்த ‘ஷோலே’யில் ஹேமமாலினிக்காகக் குதிரைவண்டியை ஓட்டி உயிரைப் பணயம் வைத்த ரேஷ்மா பட்டான் போன்ற பெண் கலைஞர்கள் அருகியே இருந்தனர். நாம் பெண்ணின் வீரம் என்று கண்டு களித்தது பலவேளைகளில் மெய்யாகவே ஆணின் உடலாய் இருந்தது!

இவ்வாறு கூறுவதால், அப்படங்களால் நன்மையே விளையவில்லை என்பது நம் கருத்தன்று. நம் பண்பாடு பெண்ணுக்கு உரியவை என்று எண்ணிய நாற்பண்புகளுள் முதலாவது அச்சம். அச்சத்தையே அணிகலனாகக் கற்பிக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, அஞ்சாத பெண்ணை முதன்முதலில் வெண்திரையில் கண்டாள் என்றால், குறை திரைப்படத்தின் மீதன்று. அவளுக்கு அத்தகைய பெண்களைக் காட்டியிருக்க வேண்டியவர்கள் நாம். நம் கையிலிருந்த நூலில் அவர்கள் இருந்தார்கள்.

3. தெபொராள், யாகேல், தேபேசின் பெண்

நியாயாதிபதிகள் நூல் மூன்று பெண்களை நமக்கு முன் நிறுத்துகிறது.

முதலாமவர் தெபொராள். அவர் பேரீச்சமரத்தின்கீழ் அமர்ந்து நியாயம் விசாரித்தார், தீர்க்கதரிசனம் உரைத்தார், பாராக்கைப் போருக்கு அழைத்தார். தெபொராள் உடன் வராவிடில் தான் போவதில்லை என்று படைத்தலைவனே கூறினான் (நியா. 4:8). இங்கு அவர் ஆணுடை அணியவில்லை, எவருடைய பெயரையும் கடன் வாங்கவில்லை. அவருடைய பாடல் அவரை இஸ்ரவேலில் ஒரு தாய் என்று அழைக்கிறது (5:7). தாய்மையும் தலைமையும் முரண்பட்டவை என்னும் எண்ணம் அப்பாடலை இயற்றியோர்க்கு இல்லை.

இரண்டாமவர் யாகேல். நம்மிடம் வந்த பெண் கேட்டது இவரைப் பற்றியே. சிசெரா ஓடிவந்தபோது யாகேல் அவனைக் கூடாரத்திற்குள் அழைத்தார், தண்ணீர் கேட்டவனுக்குப் பால் தந்தார், போர்வையால் மூடினார், அவன் அயர்ந்து உறங்கியபோது கூடார முளையை அவன் நெற்றியில் அடித்து இறக்கினார். அமுதவல்லியின் வலம் வருதலைப் போன்றே, இங்கும் விருந்தோம்பல் என்னும் பெண்ணின் கடமை ஆயுதமாகிறது. அவர் குடும்பத்திற்கும் சிசெராவின் அரசனுக்கும் சமாதானம் இருந்தது என்றும் நூல் குறிப்பிடுகிறது (4:17). ஆகவே இச்செயல் அறநெறிச் சிக்கல் அற்றதன்று. எனினும் தெபொராளின் பாடல் யாகேலைப் பெண்களுக்குள் ஆசீர்வாதம் பெற்றவர் என்று போற்றுகிறது (5:24). அதே வாழ்த்து பின்னாளில் எலிசபெத்தின் வாயிலிருந்து மரியாளுக்குக் கிடைக்கிறது (லூக். 1:42).

அப்பாடல் அத்துடன் முடிந்திருந்தால் அதுவும் ஒரு வெற்றிப்படமாகவே இருந்திருக்கும். ஆனால் அது நம்மை வேறொரு வீட்டின் பலகணிக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே சிசெராவின் தாய், மகனின் இரதம் ஏன் வரவில்லை என்று காத்திருக்கிறாள் (5:28). பெரும்பாலான படங்கள் வில்லனின் தாயைக் காட்டுவதில்லை; திருமறை காட்டுகிறது. அந்தத் தாயும் தோழியரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலையும் நாம் கேட்கிறோம். வீரர்கள் கொள்ளையைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள், ஆளுக்கு ஓரிரு பெண்கள் கிடைத்திருப்பார்கள் என்பதே அவ்வாறுதல் (5:30). எபிரேய மூலத்தில் அங்குப் ‘பெண்’ என்னும் பொதுச்சொல் இல்லை. கருப்பை என்று பொருள்படும் கொச்சையான சொல்லே உள்ளது. சிசெரா வென்றிருந்தால் யாகேலைப் போன்ற பெண்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை அவ்வொரு சொல் காட்டிவிடுகிறது. ஒடுக்குவோனின் வீழ்ச்சியில் மகிழ்ச்சியும், அவன் தாயின் காத்திருப்பில் துயரமும் ஒரே பாடலில் அமைந்துள்ளன. வன்முறையைப் பொழுதுபோக்காக்க இப்பாடல் இடந்தரவில்லை.

மூன்றாமவர் பெயர் சொல்லப்படாதவர். தேபேஸ் நகரின் கோபுரத்திலிருந்து ஏந்திரக்கல்லின் ஒரு துண்டை அபிமெலேக்கின் தலைமேல் எறிந்தவர் (9:53). ஏந்திரம் நாள்தோறும் பெண்கள் அரைத்த கருவி. சாகும் தறுவாயில் அபிமெலேக்குக்குத் தன் பாவங்களைப் பற்றிக் கவலையில்லை. ஒரு பெண் தன்னைக் கொன்றாள் என்று பிறர் சொல்லக் கூடாதே என்பதே அவன் கவலை. ஆகவே தன் ஆயுததாரியின் வாளால் சாக விரும்பினான் (9:54). பெண்ணிடம் தோற்பதைச் சாவினும் கொடிய இழிவாகக் கருதும் ஆணின் செருக்கைத் திருமறை இவ்வாறு எள்ளி நகையாடுகிறது. வேடிக்கை யாதெனில், அவன் அஞ்சியபடியே நடந்தது; ஒரு பெண் அவனைக் கொன்றதாகவே பின்னாளில் யோவாபும் நினைவுகூர்ந்தான் (2 சாமு. 11:21).

4. ‘ஹாயில்’ என்னும் சொல்

இனி, நாம் மகளுக்கு எடுத்துரைத்த நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திற்கே திரும்புவோம். அங்கு ‘குணசாலியான ஸ்திரீ’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருவது எபிரேயத்தில் ‘எஷெத் ஹாயில்’. ‘ஹாயில்’ என்பது வலிமை, ஆற்றல், படை, செல்வம் என்று பல பொருள்படும் சொல். போர்வீரரைக் குறிக்கும் இடங்களில் இச்சொல்லே மிகுதியாகப் பயில்கிறது. கிதியோனை தூதன் அழைக்கும்போது இச்சொல் வருகிறது, அங்கு நம் மொழிபெயர்ப்பு ‘பராக்கிரமசாலி’ என்கிறது (நியா. 6:12). போவாஸுக்கு இச்சொல் வருமிடத்தில் ‘ஆஸ்திக்காரன்’ என்கிறது (ரூத் 2:1). ரூத்துக்கு வருமிடத்தில் மட்டும் ‘குணசாலி’ என்கிறது (ரூத் 3:11).

மூலத்தில் ஒரே சொல். தமிழில் ஆணுக்குப் பராக்கிரமம், ஆணுக்குச் செல்வம், பெண்ணுக்குக் குணம்! மொழிபெயர்த்த பெரியோர் மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. சூழலுக்கேற்பப் பொருள் விரியும் என்பது உண்மையே. மேலும் நற்குணம் சிறிய பொருளன்று. ஆனால் ‘குணசாலி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவம், அதிகாரத்தில் உள்ள பெண்ணின் உருவந்தானா? அவள் நிலத்தை ஆராய்ந்து வாங்குகிறாள்; திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள்; வாணிகம் செய்கிறாள்; போருக்குச் செல்வோன் போல் இடையைக் கட்டிக்கொண்டு கைகளை வலுப்படுத்துகிறாள் (31:16-18). நாம் திருமணங்களில் வரைந்து காட்டிய அடக்கமான பெண்ணை அங்குத் தேடியும் காணோம்.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்த செப்துவஜிந்தர் இவ்விடத்தில் ‘அந்திரெயா’ என்ற சொல்லின் பெண்பால் வடிவைப் பயன்படுத்தினர். துணிவு என்பது அதன் பொருள். ஆனால் ஆண் என்னும் பெயரிலிருந்தே அச்சொல் பிறந்தது. துணிவுள்ள பெண்ணைச் சொல்லவும் கிரேக்கன் ஆணைக் குறிக்கும் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது! தமிழிலும் ‘ஆண்மை’ என்பதை வீரத்துக்கு வழங்குகிறோம். ஆயினும் தாளாண்மை, வேளாண்மை என்னும் சொற்களில் அது ஆணாயிருத்தலைக் குறிக்கவில்லை. ஆளும் தன்மையை, பொறுப்பேற்று நடத்தும் ஆற்றலையே குறிக்கிறது. அப்பொருளில் நோக்கினால் பெண்ணின் ஆண்மை என்பது முரண்தொடர் ஆகாது.

படைப்பு வரலாற்றிலும் இதுவே காணப்படுகிறது. ஆதியாகமம் 2:18இல் ‘துணை’ என வரும் ‘ஏசெர்’ என்னும் எபிரேயச் சொல், பழைய ஏற்பாட்டின் பெரும்பாலான இடங்களில் கடவுள் தம் மக்களுக்குச் செய்யும் உதவியையே குறிக்கிறது. மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதத்தின் ஒத்தாசையும் அச்சொல்லே. அதைத் தாழ்ந்த பணியாளின் உதவி என்று எவரும் கருதார். மேலும் பெண்ணின் கீழ்ப்படிதலைப் போதிக்க நாம் அடிக்கடி எடுத்தாளும் 1 பேதுரு 3ஆம் அதிகாரம், எந்த அச்சுறுத்தலுக்கும் அஞ்சாதவர்களே சாராளின் பிள்ளைகள் என்று முடிகிறது (3:6). முதல் பாதியைப் பிரசங்கித்து இறுதிச் சொற்களை விட்டுவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அச்சம் பெண்ணின் அணிகலன் என்பது நம் மரபு. அதனை அப்போஸ்தலன் ஏற்கவில்லை.

5. கொல்லிமலையில் ஒரு முதுபெண்

பெண்ணின் வீரம் ஆயுதத்தைச் சார்ந்ததன்று என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டும் எவலின் பிராண்டும் 1913இல் மணமாகிக் கொல்லிமலையில் ஊழியத்தைத் தொடங்கினர். 1879இல் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, ஓவியம் பயின்ற எவலின், சாலையற்ற மலையில் காய்ச்சலுக்கும் வறுமைக்கும் நடுவே வாழ்ந்தார். அவர்களுடைய மகனே வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் எவலின் மீண்டும் இந்தியாவிற்கு வந்து பணியைத் தொடர்ந்தார்.

எழுபது வயதை நெருங்கிய நிலையில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, அவர் அதிலிருந்து விலகித் தனியே கொல்லிமலைக்குத் திரும்பினார். கொல்லி, பச்சை, கல்வராயன், பெருமாமலை, சித்தேரி என்னும் ஐந்து மலைத்தொடர்களிலும் நற்செய்தி பரவ வேண்டும் என்பது கணவரும் அவரும் கண்ட கனவு. மட்டக்குதிரையின் மேல் ஊர் ஊராகச் சென்றார். இடுப்பெலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். தம் இல்லத்தில் இறுதி இருபது ஆண்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடியையே வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் மகன் எழுதுகிறார். 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் மறைந்து, மலையிலேயே கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவந்திகாவுக்கு அவளுடைய பெண்மையைக் காட்ட ஒருவன் நீரைக் கண்ணாடியாக்கினான். கொல்லிமலையின் பாட்டியம்மாவுக்கு அத்தகைய கண்ணாடி தேவைப்படவில்லை. எனினும் அவரைப் பெண்மையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. பாட்டி என்றே மக்கள் அழைத்தனர்.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு வினா கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். நாடியா குதிரையேறியபோது இரசிகர் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், அவர் வெள்ளைக்காரி என்பது. எவலின் அம்மையாரையும் நாம் அவ்வாறே ஏற்றுக்கொண்டோமோ? மிஷனரி ஞாயிறுகளில் அவருடைய வரலாற்றைக் கண்ணீர் மல்கப் பிரசங்கிக்கும் நாமே, நம் சபையின் மகள் காவல் பணிக்குச் செல்ல விரும்பினால் தடுக்கிறோம். துரைசானிக்கு வீரம், நம் பெண்ணுக்கு அடக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். அம்மையாரையும் நாம் வெறும் திரையுருவம் ஆக்கிவிட்டோம். கைதட்டினோம், பின்பற்ற எவரையும் விடவில்லை. அவருக்கு உறுதுணையாய் நின்ற மலைவாழ் பெண்களின் பெயர்களையோ, கிராமந்தோறும் நடந்த வேதப்பெண்களின் பெயர்களையோ நம் சபை வரலாறுகள் எத்தனை எழுதி வைத்துள்ளன?

6. திருச்சபையின் பொறுப்பு

நாடு நமக்கு முன்னே நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறை 1973இல் 22 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1976இல் காவல் பணியில் சேர்ந்த லத்திகா சரண் 2010இல் மாநிலத்தின் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். அதே 1976இல் தென்னிந்தியத் திருச்சபை எலிசபெத் பால் அம்மையாரைத் தன் முதற்பெண் ஆயராக அருட்பொழிவு செய்தது. 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். வாயில்கள் திறந்துள்ளன, ஆயினும் உட்செல்வோரை நம் அருளுரைகளே வாயிற்படியில் நிறுத்துகின்றன. ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவர்களும் பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

முதலாவதாக, திருமண அருளுரையில் நீதிமொழிகள் 31ஐ எடுத்தாளும்போது ‘ஹாயில்’ என்னும் சொல்லின் முழுப் பொருளையும் கூற வேண்டும். மணமகளுக்கு மட்டுமன்றி மணமகனுக்கும் அதைக் கூற வேண்டும். அப்பெண்ணின் கணவன் அவளை நம்பியிருக்கிறான் (31:11). அவள் ஆற்றலைக் கண்டு அஞ்சவில்லை.

இரண்டாவதாக, துணிவையும் வன்முறையையும் வேறுபடுத்திக் கற்பிக்க வேண்டும். வெண்திரையின் ஆணைப் போலவே பெண்ணும் அடித்து நொறுக்குவதுதான் சமத்துவம் என்றால், ஆணின் பாவத்தில் பெண்ணுக்கும் பங்கு தந்தோமேயன்றி அவளை விடுவிக்கவில்லை. ஒடுக்குவோனை நிறுத்த வேண்டும். அவன் தாயின் பலகணியையும் மறத்தலாகாது. சட்டத்துக்கு உட்பட்டு எளியோரைக் காக்கும் காவல் பணி இத்தகைய துணிவுக்கு ஏற்ற களமே.

மூன்றாவதாக, பொறுமை என்னும் பெயரால் பெண்ணை அடிக்குத் திருப்பி அனுப்பலாகாது. சிலுவையண்டையில் பெண்கள் நின்றார்கள், சீடர்கள் ஓடினார்கள் என்பது உண்மை. அந்த நிலைநிற்றல் அவர்கள் தாமே தெரிந்துகொண்டது, பிறர் சுமத்தியதன்று. கணவனால் அடிக்கப்பட்டு நம்மிடம் வரும் பெண்ணுக்குச் சிலுவையைச் சுமக்கும்படி கூறுவது, ஆயரின் பணியன்று. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒவ்வோர் ஆயரும் அறிந்திருத்தல் வேண்டும். காவல் நிலையம் வரை அப்பெண்ணோடு நடந்துசெல்லும் துணிவும் வேண்டும். அங்கே அவளை வரவேற்பவர் நம் சபையின் மகளாக இருந்தால் எத்துணை நலம்!

நான்காவதாக, வாலிபர் ஐக்கியங்களில் திரைப்படங்களைக் கண்டித்து ஒதுக்குவதை விடுத்து, அவற்றைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும். இவளுக்கு வீரம் எங்கிருந்து வந்தது? அதைப் படத்தின் முடிவில் யார் எடுத்துக்கொண்டார்? இவ்விரு வினாக்களும் போதும். இளைஞர்களே மற்றவற்றைக் கண்டுகொள்வார்கள்.

முடிவுரை

வெண்திரையின் வீராங்கனை பெண்மைக்கு எதிரியல்லள். அவள் முழுமை பெறாத ஓர் ஏக்கத்தின் உருவம். அச்சத்தை அணிகலனாக ஏற்க மறுத்த பெண்களின் ஏக்கம் அது. அதற்குத் திரை தரும் விடை கடன் வாங்கிய வீரம். திருமறை தரும் விடையோ, படைப்பிலேயே கடவுள் பெண்ணுக்கு அளித்த ஆற்றல். கடவுள் கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை. யாரும் அதைத் திருப்பிக் கேட்கவும் உரிமை பெற்றிலர். ஆயர்களாகிய நாம் அதைப் பலமுறை திருப்பிக் கேட்டிருக்கிறோம் என்பதே நாம் அறிக்கையிட வேண்டிய பாவம்.

அன்று நம் இல்லத்தில் எழுந்த வினாவிற்கு இன்று, காலந்தாழ்த்தியேனும், விடை கூறுகிறோம். மகளே, யாகேலின் செயலைக் குறித்து எம் உள்ளம் இன்னும் கலங்குகிறது, கலங்கவும் வேண்டும். ஆனால் எளியோரைக் காக்க அஞ்சாது நிற்கும் பெண்ணைத் திருமறை எந்தச் சொல்லால் அழைக்கிறது என்பதில் ஐயமில்லை. ரூத்தை அழைத்த அதே சொல் உனக்கும் உரியது. நீ அணிந்திருக்கும் காக்கி அதனை உனக்குத் தரவில்லை. அதைக் களையும் நாளிலும் அது உன்னை விட்டு நீங்காது.